மருந்துச் சக்கையும் எறும்பும்

என் கணவருக்குச் சீனி வருத்தம் இருப்பதை முதலில் கண்டுபிடித்தது எறும்பு. டொக்டர் பிறகுதான் வந்தார்.

விசுவமடுவில் எங்கள் வளவின் பின்பக்கம் கிளுவை வேலி. வீட்டில் கக்கூசு கட்டியிருந்தாலும், ஒன்றுக்குப் போக அவருக்கு அந்த வேலியோரம்தான் வேண்டும். வயல்வெளியில் நின்று பழகிய மனிதர். ஒருநாள் காலையில் கிணற்றடிக்குப் போகும்போது பார்த்தேன், அவர் போய்விட்டு வந்த இடத்தில் சிற்றெறும்பு கறுப்பாய் மொய்த்துக் கிடந்தது. யாரோ பனம்பாணி ஊற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த நாளும் அதே இடம், அதே எறும்பு.

இது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த சோதனை. யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்து, காடு வெட்டி நெல் விதைத்த வருடங்களில் இரத்தம் சோதிக்க எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. எறும்பு வந்தால் சீனி இருக்கிறது, வராவிட்டால் இல்லை. அவ்வளவுதான் எங்கள் வைத்திய ஞானம். நான் ஆரம்ப வகுப்பு ஆசிரியை. எறும்பு எங்கே போகிறது, எதைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று பார்த்து வரைந்துகொண்டு வரச்சொல்லிப் பிள்ளைகளுக்கு வீட்டுவேலை கொடுத்தவள். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வெட்கத்தில் சொல்லாமல் விட்டுவிடுவேன்.

சமாதான காலம் அது. சண்டை ஓய்ந்து, வன்னிக்கு வருகிற கண்டிப் பாதை திறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. லொறிகள் வந்தன, சீமெந்து வந்தது, மருந்தும் வந்தது. நான் அவரைச் சைக்கிளில் ஏற்றாத குறையாக ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். விரலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். டொக்டர் ஒரு சின்னப்பெடியன், பாவம், முகத்தில் நித்திரை கலையாமல் இருந்தான்.

"சீனி கூடவாய் இருக்கு ஐயா. குளிசை காலமையும் பின்னேரமும் போடுங்கோ. ஒவ்வொரு மாதமும் கிளினிக்குக்கு வந்து இரத்தம் சோதிக்கவேணும். காலை மட்டும் கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றான்.

கிளினிக் வியாழக்கிழமை. எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் முறையும் வியாழக்கிழமை. குளத்துத் தண்ணீரை நம்பிச் சிறுபோகம் செய்கிறவனுக்கு முறைநாள் என்றால் என்னவென்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மடையில் ஆள் நிற்காவிட்டால் அடுத்த காணிக்காரன் மம்பட்டியால் ஒரு கொத்துக் கொத்திவிட்டுத் தன் பக்கம் திருப்பிவிடுவான். கேட்டால் நண்டு துளைத்தது என்பான்.

"நான் அங்கை வாங்கிலிலை குந்திக்கொண்டு இருமுறவையின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டிருக்க, இஞ்சை என்ரை தண்ணியை மற்றவன் கொண்டுபோவான்" என்றார் அவர். மூன்று மாதம் போனார். நாலாம் மாதம் எனக்குச் சொல்லாமல் வயலுக்குப் போனார். நான் போய்க் கேட்டதற்கு, ஆளைக் காணாமல் குளிசை தரமாட்டோம் என்றுவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

அந்த நேரம்தான் மச்சாள் வந்தா. அவரின் தமக்கை, முள்ளியவளையில் இருந்தவா. அங்கே ஒரு பரியாரியார் சீனிக்கு இலைச்சாறு கொடுக்கிறார், ஊரெல்லாம் அங்கேதான் போகிறது என்று சொன்னா. அவருக்கு அது தேன் குடித்தது மாதிரி இருந்தது. மாதாமாதம் வாங்கிலில் குந்தத் தேவையில்லை. வேலியில் இலை இருக்கிறது, வீட்டில் உரல் இருக்கிறது, இடிக்க மனுசி இருக்கிறாள்.

ஒரு சனிக்கிழமை பஸ்ஸில் முள்ளியவளைக்குப் போனோம். பரியாரியார் என்றால் தாடியும் விபூதியுமாக ஒருவரை எதிர்பார்த்துப் போனேன். அவர் சேர்ட் போட்ட, நாற்பது வயது மதிக்கத்தக்க, மோட்டார் சைக்கிள் வைத்திருந்த மனிதர். நாடியைப் பிடித்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், கிளினிக் துண்டை வாங்கி நிதானமாக வாசித்தார். சிறுகுறிஞ்சா இலை ஒரு கைப்பிடி, வேப்பங்கொழுந்து அதில் பாதி, பிஞ்சுப் பாவற்காய் ஒன்று. இடித்துப் பிழிந்து, அதற்குள் நாவற்கொட்டைத் தூள் ஒரு தேக்கரண்டி போட்டு, விடிய வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும்.

"இதைக் குடியுங்கோ, நல்லது. ஆனால் குளிசையை விடாதேங்கோ. மாதத்துக்கு ஒருக்கா இரத்தமும் சோதிச்சு எனக்கும் அந்தத் துண்டைக் காட்டுங்கோ" என்றார்.

என் இரண்டு காதாலும் கேட்டேன். இந்தக் கதையில் மோசக்காரன் ஒருவனைத் தேடிப்பிடித்துத் திட்ட முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அந்த மனிதர் காசுக்காகக்கூடப் பொய் சொல்லவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் என் கணவர், "டொக்டர்மார் பேசுவினம் எண்ட பயத்திலை சொல்லுறார். தன்ரை மருந்திலை நம்பிக்கை இருந்தால் ஏன் குளிசை?" என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும்போல இருக்கிறது.

அடுத்த நாளில் இருந்து இடிக்கத் தொடங்கினேன். இலையைக் கழுவி, உரலில் போட்டு இடித்து, வெள்ளைச் சீலையில் கட்டிப் பிழிந்தால் அரைப் பேணி கரும்பச்சைச் சாறு வரும். மணத்திலேயே கண்ணில் தண்ணீர் வரும். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டு, என்னைப் பார்த்து, "என்னைக் கொல்ல வேறை வழி தெரியேல்லையோ உமக்கு" என்பார். பிறகு முற்றத்தில் நாலு முறை காறித் துப்புவார்.

பிழிந்த சக்கையை எங்கே கொட்டுவது என்று ஒரு கேள்வி வந்தது. ஆடு முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. கோழி கிட்டவும் வரவில்லை. நான் முற்றத்து மூலையில் கொட்டப்போனபோது, அந்த நாட்களில் எங்களோடு வந்து நின்ற மச்சாள் ஓடிவந்து கையைப் பிடித்தா.

"மருந்துச் சக்கை கால்படக்கூடாது பிள்ளை. ஆரும் மிதிச்சால் மருந்து கேக்காது."

அது அவர்கள் குடும்பத்தில் மட்டும் உள்ளதல்ல, எங்கள் வீட்டிலும் அம்மா அப்படித்தான் சொல்லுவா. மருந்து காய்ச்சினாலும் இடித்தாலும், சக்கையை நடமாட்டம் இல்லாத இடத்தில்தான் போட வேண்டும். எங்கள் வளவில் யாரும் கால் வைக்காத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அந்தப் பின்வேலி ஓரம். கால்தான் படக்கூடாது என்றார்கள், மற்றது படக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே ஒவ்வொரு நாளும் காலையில் கிணற்றடிக்குப் போகிற வழியில் சக்கையை அங்கே உதறிவிட்டுப் போவேன். வேப்பிலையும் குறிஞ்சாவும் பாவற்காயுமாக அந்த இடம் நாளடைவில் கறுத்துப்போனது. புல்லுக்கூட முளைக்கவில்லை. அதையும் நான் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மருந்து வேலை செய்கிறது என்பதற்கு எங்களுக்குக் கிடைத்த முதல் அத்தாட்சி அவருடைய நாக்கு. சாறு குடித்த கையோடு ஒருநாள் பனங்கட்டித் துண்டு ஒன்றை வாயில் போட்டுக் கடித்துவிட்டு, "இஞ்சரும், மண்ணைக் கடிச்ச மாதிரிக் கிடக்கு" என்றார். நானும் குறிஞ்சா இலை ஒன்றைச் சப்பிவிட்டுச் சீனி போட்டுப் பார்த்தேன். உண்மைதான். ஆற்று மணல்போல நாக்கில் கிடந்தது. வாய்க்கே சீனி தெரியவில்லை என்றால் உடம்பில் எங்கே இருக்கப்போகிறது என்று நாங்கள் இரண்டுபேரும் பேசிக்கொண்டோம். படித்தவள் நான், அந்த முடிவுக்கு வர எனக்கு ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை.

இரண்டாவது அத்தாட்சி எறும்பு. ஒன்றரை மாதம் போயிருக்கும். காலையில் வேலியடியில் குனிந்து பார்க்கிறேன், ஓர் எறும்பு இல்லை. அடுத்த நாள் இல்லை. ஒரு கிழமை முழுக்க இல்லை. நான் ஓடிவந்து குசினி வாசலில் நின்று கத்தினேன்.

"இஞ்சருங்கோ, எறும்பு இல்லை! ஒண்டுகூட இல்லை!"

அவரும் எழும்பி வந்து பார்த்தார். இரண்டுபேரும் கிளுவை வேலிக்குக் கீழே கோவிலில் கும்பிடுகிறவர்கள் மாதிரிக் குனிந்து நின்றோம். அன்றைக்குப் புக்கை பொங்கினேன். சர்க்கரை போட்டுத்தான். பிள்ளைகள் இல்லாத வீடு எங்களுடையது. சந்தோசம் வந்தால் பொங்கித் தின்கிறதைத் தவிர வேறென்ன செய்வது. அவர் போட்டும் போடாமலும் மிச்சம் வைத்திருந்த குளிசை அலுமாரிக்குள் போனது. கிளினிக் துண்டும் அதோடு போனது.

அதற்குப் பிறகு என் பெருமை தாங்க முடியாததாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறையில் சொன்னேன். கோயில் மண்டபத்தில் சொன்னேன். சங்கக்கடை வரிசையில் நின்று, முன்பின் தெரியாதவர்களுக்குச் சொன்னேன். மல்லாவியில் இருந்துகூட ஆட்கள் வந்து கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் எனக்குக் 'கசப்பு ரீச்சர்' என்று பட்டம் வைத்தார்கள், அதையும் நான் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஒன்று மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. குளிசையை விடக்கூடாது என்று பரியாரியார் சொன்னதை விட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம் சொன்னேன். அதைச் சொன்னால் கதையில் உப்பில்லாமல் போய்விடும் என்று எனக்கு உள்ளுக்குள் தெரிந்திருக்கிறது.

அவர் மெலிந்தார். கெட்ட கொழுப்புக் கரைகிறது என்றேன். செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். மருந்துச் சூட்டுக்குக் குடிக்கத்தானே வேண்டும் என்றேன். அடிக்கடி வேலியடிக்குப் போனார். உள்ளே இருக்கிற சீனியைக் கழுவிக்கொண்டு போகிறது என்றேன். ஒரு மனிதனின் உடம்பு இதற்குமேல் எப்படித்தான் எனக்குச் சொல்வது? ஒவ்வொரு நாளும் காலையில் போய் வேலியடியைப் பார்ப்பேன். எறும்பு இல்லை. திரும்பி வந்து இலை இடிப்பேன். இப்படியே இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியது.

2006 ஆவணியில் திரும்பவும் சண்டை மூண்டு பாதை பூட்டுப்பட்டது. அதே மாதம்தான் எங்கள் சிறுபோக வெட்டு. வெட்டு முடித்து ஒருநாள் மத்தியானம் சாப்பிட வந்தார். அவர் உள்ளே நடந்துபோன சீமெந்து நிலத்தில், இடதுகால் பட்ட இடமெல்லாம் ஈரமாய் ஒரு அடையாளம். முதலில் சேறு என்று நினைத்தேன். குனிந்து தொட்டுப் பார்த்தால் இரத்தம். வெட்டின நெல்லின் அடிக்கட்டை ஒன்று உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே ஏறி முறிந்து நின்றது. இரண்டு அங்குலம் இருக்கும்.

"நோகேல்லையோ?" என்று கேட்டேன்.

"என்னது?" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் நான் விழித்திருக்க வேண்டும். ஒரு முள்ளுக்குக் கத்துகிற மனிதர், கட்டை ஏறினது தெரியாமல் வயலில் இருந்து வீடு வரைக்கும் நடந்து வந்திருக்கிறார். நான் கட்டையை இழுத்து எடுத்து, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டினேன். சீனி இருந்தால்தானே புண் மாறாது, இவருக்குத்தான் சீனி இல்லையே. அப்படித்தான் நினைத்தேன். இரண்டு கிழமை கட்டினேன். மூன்றாம் கிழமை பெருவிரல் கறுத்தது. வீட்டு வாசலிலேயே புண்ணின் மணம் வந்தது.

ஆசுப்பத்திரியில் தாதி விரலில் குத்தி அந்தச் சின்ன மெசினில் வைத்தா. மெசின் எண் காட்டவில்லை. பழுதாக்கும் என்றேன்.

"பழுதில்லை அக்கா. சீனி அளவுக்கு மிஞ்சினால் இது எண் காட்டாது" என்றா. "குளிசை என்ன போடுறவர்?"

"குளிசை இல்லை. இலைச்சாறு குடிக்கிறவர். ஒரு நாளும் தவறவிட்டதில்லை."

அவா அதை எழுதினா. டொக்டர் வந்து பார்த்தார், இது வேறு டொக்டர், வயதானவர். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "இலைச்சாறு குடிச்சது பிழையில்லை அம்மா. கொஞ்சம் உதவியும் செய்திருக்கும். குளிசையை விட்டதுதான் பிழை. சோதிக்காமல் இருந்தது அதைவிடப் பிழை" என்றார்.

"சோதிச்சனாங்கள்" என்று வாய் முந்திவிட்டது. எப்படி என்று அவர் கேட்டார். நான் அவருடைய கால்கட்டைச் சரிசெய்யக் குனிந்தேன்.

விரலை எடுத்தார்கள். கால் தப்புமா என்று ஒரு கிழமை பார்க்க வேண்டும் என்றார்கள். நான் கட்டிலடியில் பாய் போட்டு இருந்தேன். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, நோயாளர் வாட்டைக் கூட்டுகிற பெண் தும்புத்தடியோடு வந்து புறுபுறுத்தா. "இந்தக் கட்டிலடியிலைதான் அக்கா ஒவ்வொரு நாளும் எறும்பு. சாப்பாடு கொட்டுறியளோ?" நான் குனிந்து பார்த்தேன். சுவரில் இருந்து இறங்கி, சீமெந்து வெடிப்பு வழியாக, ஒரே வரிசையாக எறும்பு போய்க்கொண்டிருந்தது. கட்டிலுக்குக் கீழே இருந்த அவருடைய மூத்திரச் சட்டிக்கு.

ஆசுப்பத்திரி எறும்பு வேறு சாதியாக இருக்கும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஆனாலும் மனம் கேட்கவில்லை. அவருக்கு உடுக்க மாற்றுச் சாரம் எடுத்துவர வேண்டும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மத்தியானம். வீடு பூட்டிக் கிடந்தது. குசினியில் ஒரு போத்தலின் அடியில் கொஞ்சம் சீனி இருந்தது. பாதை பூட்டிய பிறகு சீனி என்பது எங்கள் ஊரில் கண்ணில் ஒற்றிக்கொள்கிற பொருள். அதில் ஒரு கரண்டி எடுத்துக் கிணற்றடியில் போட்டேன். இன்னொரு கரண்டி எடுத்து வேலியடியில், அந்தக் கறுத்த மண்ணில் போட்டேன். இரண்டுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு அடிதான் இருக்கும். ஒரு மரக்குற்றியைப் போட்டுக் குந்திக்கொண்டேன்.

நான் ஒரு வாளி தண்ணீர் அள்ளி முகம் கழுவி முடிக்கவில்லை, கிணற்றடியில் எறும்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் வெள்ளைச் சீனி கறுப்பானது. வேலியடியில் சீனி போட்டது போட்டபடி கிடந்தது. ஒரு பெரிய எறும்பு அந்த மண்ணின் விளிம்பு வரை வந்தது. மீசையை ஆட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. வெயில் சாய்ந்து வேலி நிழல் என் காலடிக்கு வரும்வரைக்கும் இருந்தேன். ஒன்றுமே வரவில்லை.

அப்போதுதான் மண்ணைக் கையால் கிண்டி மூக்கில் வைத்தேன். வேம்பு மணம். இரண்டு வருடத்துக்கு மேலாக, ஒரு நாள் தவறாமல், நான் கொட்டிய வேம்பு. எறும்பு வராமல் போனது அவருடைய சீனி குறைந்ததால் அல்ல. எறும்பு வருகிற வழியை நான்தான் அடைத்திருந்தேன். மருந்து கேட்க வேண்டும் என்று, கால்படாத இடமாகப் பார்த்துப் பார்த்து, சோதனை செய்கிற இடத்திலேயே கொண்டுபோய்க் கொட்டியிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. உலக்கையைத் தூக்கி வேலிக்கு அப்பால் எறிந்தேன். பிறகு சாரத்தை மடித்து எடுத்துக்கொண்டு ஆசுப்பத்திரிக்குப் போனேன்.

அடுத்த கிழமை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கையெழுத்து வைத்தது நான். அவர், "வெட்டட்டும். ஒற்றைக் காலோடை வரம்பிலை நடக்கேலாது, வேறை என்ன" என்றார். சக்கையைப் பற்றி அவருக்கு நான் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் வரவில்லை என்பதுதான் உண்மை. மருந்து பலிக்கவில்லை, எங்கள் தலைவிதி என்று பொதுவாகப் பேசினோம்.

காணியைக் குத்தகைக்குக் கொடுத்தோம். அவர் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு படலை வரைக்கும் போய், வயலுக்குப் போகிறவர்களிடம் தண்ணீர் எவ்வளவு வந்தது என்று கேட்டுக்கொண்டிருப்பார். குளிசை இப்போது ஒழுங்காகப் போட்டார், கிடைத்தபோது. போகப்போகக் கிளினிக்கில் ஒரு மாதத்துக்குத் தருவது பதினைந்து நாளுக்கென்று ஆனது, பிறகு வந்தால் தருகிறோம் என்று ஆனது. குளிசை தேவையான அளவு கிடைத்த காலத்தில் நாங்கள் அதை அலுமாரியில் பூட்டி வைத்திருந்தோம்.

2008இல் ஒருநாள், பள்ளிக்கூடம் விட்டு வந்து சோற்றை இறக்கி வைத்த நேரம். அடுத்த வாய்க்கால்காரப் பெண் ஒருவர் வந்தா. புருசனுக்குச் சீனி.

"ரீச்சர், கிளினிக்கிலை குளிசை இல்லையாம். உங்கடை அந்தச் சாறு எப்பிடி இடிக்கிறதெண்டு ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்கோ. முந்தி எழுதினதைத் துலைச்சுப்போட்டன்."

முந்திச் சொல்லி எழுதவைத்தவளும் நான்தான். அவவைக் குசினி வாசலில் இருத்தி வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பரியாரியார் உண்மையில் சொன்னது, நான் மறைத்தது, மச்சாள் சொன்ன கால்படாத இடம், வேலியடி, இரண்டு கரண்டி சீனி. ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

"சாற்றைக் குடுங்கோ. குளிசை இல்லாத நேரம் அதாவது இருக்கட்டும். ஆனால் அதை நம்பிக் குளிசையைத் தேடாமல் இருக்காதேங்கோ. இரத்தம் சோதிக்க எங்கை எண்டாலும் கொண்டுபோங்கோ. எறும்பைப் பாக்காதேங்கோ. சக்கையை ஒழுங்கையிலை கொட்டுங்கோ, ஊர் முழுக்க மிதிக்கட்டும்" என்றேன்.

அவா பயந்துபோய் எழும்பினா. போகும்போது எனக்குப் பின்னால் பார்த்துத் தலையசைத்தா. திரும்பினால், அவர் அறை வாசலில் ஊன்றுகோலோடு நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"கேட்டனீங்களோ?" என்றேன்.

"ஓம்."

"என்னைப் பேசுங்கோ. அடிச்சாலும் பரவாயில்லை."

அவர் கதிரையில் மெல்ல இருந்து, ஊன்றுகோலைச் சுவரில் சாத்தினார். "வரம்பிலை வந்தது" என்றார்.

"என்னது வந்தது?"

"எறும்பு. வயலிலை, பூவரசுக்குக் கீழை நான் போற இடத்திலை. கறுப்பாய் மொய்க்கும். நீர் புக்கை பொங்கின அந்த வருசமே பாத்தனான்."

நான் நிலத்தில் குந்தினேன். "பிறகேன் வாயைத் திறக்கேல்லை?"

"என்னெண்டு திறக்கிறது? நீர் ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டீர். மல்லாவியிலை இருந்தெல்லாம் ஆக்கள் வந்து உம்மட்டை எழுதிக்கொண்டு போச்சினம். விடிய விடியப் போய் அந்த வேலியடியைப் பாத்துப்போட்டு நீர் திரும்பி வாற முகம் ஒண்டிருக்குத்தானே. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரேல்லை."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அது பொய்யாக இருக்க வேண்டும் என்று விரும்பினேன். "பொய். என்ரை தலையிலை போடாதேங்கோ. கிளினிக்குக்குப் போகப் பஞ்சி உங்களுக்கு. வியாழக்கிழமை தண்ணி முறை போயிடும் எண்டுதானே போகேல்லை? அதைச் சொல்லுங்கோ."

ஓம் என்று சொல்லுவார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது முதல் வருசம்" என்றார். "பிறகு எங்கடை முறை செவ்வாய்க்கு மாறிப்போச்சு. உமக்குத் தெரியாதோ?"

தெரியாது. ஒரே வீட்டில் இருந்தேன், எனக்குத் தெரியாது.

அன்றைக்கு நான் அவருக்குச் சோறு போடவில்லை. முற்றத்தில் போய் இருந்துகொண்டேன். அவரே சுவரைப் பிடித்துப் பிடித்துக் குசினிக்குப் போய்ப் போட்டுச் சாப்பிட்டார். எனக்கும் ஒரு கோப்பையில் போட்டு, மேலே மூடி வைத்துவிட்டு வந்தார். ஒற்றைக் காலில் நின்று அதை எப்படிச் செய்தாரோ தெரியாது. நான் அந்தக் கோப்பையை எடுத்து, அவர் பார்த்துக்கொண்டிருக்க, நாய்க்குக் கொட்டினேன்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் இருந்தார். சண்டை நெருங்க, ஊரோடு நாங்களும் கிளம்பி, இடம் இடமாக மாறி, கடைசியில் வவுனியா முகாமில் ஒரு கூடாரத்துக்குள் போய்ச் சேர்ந்தோம். அங்கே அவருக்குக் குளிசை கிடைத்தது. வரிசையில் நின்று வாங்கிவந்து கையில் கொடுப்பேன், அவர் வாங்கிப் போட்டுக்கொள்வார். பேசிக்கொள்ள எவ்வளவோ நேரம் இருந்தது. அதைப் பற்றி மட்டும் நான் பேசவில்லை, அவரும் பேசவில்லை. முகாமில் இருக்கும்போதே கண்ணை மூடிவிட்டார். தண்ணீர் முறைக்காகத் தன் காலை விட்டிருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டி, அழுது, அந்தக் கிழமையே மன்னித்திருப்பேன். என் முகம் வாடக்கூடாது என்று விட்டிருக்கிறார். அதற்கு அவரை நான் மன்னிக்கவில்லை. இன்னும் மன்னிக்கவில்லை.